தொட்டுப் பாத்தப்போ சுடல

அய்யய்யோ, எடுக்காதீங்க சிஸ்டர், எடுக்காதீங்க! பீப்னு கத்தினா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? கத்தட்டும். அதுக்கு அவசரம், கத்துது. நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், சுவத்தோரமா இழுத்துப் போட்டுக்குங்க. முப்பத்தேழு டிகிரி பாத்தாச்சு, இப்ப முப்பத்தொம்பது. இந்தத் தொட்டித் தண்ணி முப்பத்தொம்பதுக்கு வந்து, அப்படியே ஆடாம அசையாம நிக்கணும். அதுக்கப்புறம் நீங்க கொண்டுவந்த பத்து தெர்மாமீட்டரும் அதே தண்ணிக்குள்ள ஊறி நிக்கணும். அப்புறம்தான் நான் பேனாவையே தொடுவேன். இருபது நிமிஷம் ஆகும்.

வேன் நிக்குதா? நிக்கட்டும். டிரைவருக்கு ஒரு டீ குடிக்கற நேரம்தானே. பத்தொம்பது வருஷமா தெர்மாமீட்டர் சரி பாத்துக்கிட்டு இந்தத் தொட்டிக்கு முன்னாடிதான் உக்காந்திருக்கேன் சிஸ்டர். எங்க மேனேஜர் எனக்கு வச்சிருக்கற பேரு ஆமை. முதுகுக்குப் பின்னாடிதான் சொல்வார், ஆனா எனக்குக் காது நல்லா கேக்கும். ஆமையோ நத்தையோ, நான் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் தப்புன்னு திரும்பி வந்ததில்ல. அதை மட்டும் அவரால சொல்லாம இருக்க முடியாது.

உங்க வார்டு ரெண்டாவது மாடிதானே? காய்ச்சல் வார்டு. தெரியும், பெட்டி மேலயே எழுதியிருக்கே. அதைப் பாத்துட்டுத்தான் இதை நான் பாக்கறேன்னு வாங்கிக்கிட்டேன். இல்லன்னா இது பக்கத்து மேசைப் பொண்ணுக்குப் போயிருக்க வேண்டியது. காலையில டூட்டி நீங்கதானா? பதினோராம் நம்பர் கட்டில்ல ஒருத்தன் இருக்கானே, பாத்தீங்களா? ஜன்னலோரமா. ஒல்லியா, தாடி வச்சுக்கிட்டு, நகமெல்லாம் நீல பெயின்ட்டா இருக்கும். ஆமா, அவனேதான். என் தம்பி.

கண்ணு தொறந்தானா?

சரி. இல்ல, பரவால்ல, சொல்லுங்க, நான் என்ன சின்னக் குழந்தையா. நேத்து காலையில சூடு இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க, நான் பைத்தியக்காரி சந்தோஷப்பட்டுட்டு கீழ போய் டீ வாங்கிட்டு வந்தேன். வந்து பாத்தா கூப்பிட்டா பேச்சில்ல. அதுலேர்ந்து அப்படியேதான் கிடக்கான்.

அங்க நின்னு நான் என்ன பண்றது சிஸ்டர்? நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. வராந்தாவுல நின்னா வாட்ச்மேன் ஓரமா போங்க ஓரமா போங்கன்றார். எந்த ஓரத்துக்குப் போறது? வீட்டுக்குப் போனா அவன் சட்டை கொடியில தொங்குது. இங்கயாவது கைக்கு ஒரு வேலை இருக்கு. வேற ஒண்ணும் செய்யத் தெரியல எனக்கு. உண்மையைச் சொன்னா கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு.

உங்க டாக்டரம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. எத்தனாவது நாள், காய்ச்சல் எத்தனாவது நாள்னு. அவன் கேஸ் சீட்டுல என்ன எழுதியிருக்கு, செவ்வாய்க்கிழமைன்னா? ம். செவ்வாய், புதன், வியாழன், இன்னைக்கு வெள்ளி. நாலாவது நாள். அந்தக் கணக்குலதான் மருந்து போகுதா? ஓஹோ, மருந்தைவிட சலைன்தான் முக்கியமா. ஆரம்பத்துல ஏத்தணும், அப்புறம் ஒரு நாள் வந்ததும் நிறுத்திடணும். ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சிஸ்டர், நிறுத்த வேண்டிய நாள்ல ஏத்திக்கிட்டே இருந்தா?

நெஞ்சுல நீர் கோத்துக்குமா.

இல்ல இல்ல, சும்மாதான் கேட்டேன். இங்க உக்காந்து உக்காந்து எனக்கு எல்லாத்தையும் குடைஞ்சு குடைஞ்சு கேக்கற புத்தி. டாக்டரம்மா சரியாத்தான் பண்ணுவாங்க. எழுதியிருக்கறதை வச்சுத்தானே அவங்க பண்ண முடியும்.

பாருங்க, இப்ப முப்பத்தெட்டு புள்ளி எட்டு. அந்தக் கண்ணாடிக்குழாய் ஒண்ணு நிக்குது பாருங்க நடுவுல, அதுக்குப் பேரு மாஸ்டர். அதைப் பாத்துத்தான் மத்ததெல்லாம் சரியா தப்பான்னு சொல்றோம். தெர்மாமீட்டர் என்ன செய்யுதுன்னு நெனைக்கறீங்க? நோயாளியோட சூட்டைச் சொல்லுதா? அதான் கிடையாது. அது தன்னோட சூட்டை மட்டும்தான் சொல்லும், அடுத்தவன் சூடு அதுக்கு என்ன தெரியும்? கக்கத்துல வைக்கறீங்க. உடம்புலேர்ந்து சூடு அதுக்குள்ள போகுது. போகுது, போகுது, ஒரு கட்டத்துல கொடுக்கறதுக்கும் இல்ல, வாங்கறதுக்கும் இல்லன்னு ஆகி நின்னுடுது. அப்ப ரெண்டும் ஒரே சூடு. அந்த நேரத்துல அது தன்னைப் பத்திச் சொன்னா அது உங்களைப் பத்திச் சொன்ன மாதிரி. அவ்ளோதான் விஷயம். அதுக்கு முன்னாடி உருவிப் பாத்தீங்கன்னா அது பாதி வழியில இருக்கறதைச் சொல்லும்.

இன்னொண்ணு. இந்தத் தண்ணியும் மாஸ்டரும் ஒரே சூடு. உங்க தெர்மாமீட்டரும் தண்ணியும் ஒரே சூடு. அப்ப உங்களுதும் மாஸ்டரும் ஒரே சூடுதான், ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே வேணாம். இது என்ன பெரிய கண்டுபிடிப்பா, இதுகூடத் தெரியாதான்னு என் தம்பி சிரிப்பான். சிரிக்கற விஷயமில்ல சிஸ்டர். இது ஒண்ணு மட்டும் பொய்யா இருந்தா உலகத்துல டிகிரின்னு ஒரு நம்பரே சொல்ல முடியாது. இங்க ஒருத்தருக்குக் காய்ச்சல், அங்க ஒருத்தருக்குக் காய்ச்சல், யாருக்கு ஜாஸ்தின்னு கேட்டா ரெண்டு பேரையும் கட்டிப்பிடிக்கச் சொல்லியா பாப்பீங்க?

போன வருஷம் ஒரு கிளினிக்லேர்ந்து பதினொண்ணு வந்துச்சு. பத்து ஒரே மாதிரி காட்டுது, ஒண்ணு மட்டும் வேற. அந்த ஒண்ணுக்கு சிவப்பு ஒட்டுப் போட்டு, தூக்கிப் போட்டுடுங்கன்னு எழுதி வச்சிருந்தாங்க. இங்க போட்டுப் பாத்தா, அந்த ஒத்தை ஆள்தான் சரி. பத்துப் பேரும் கூட்டா தப்பு. ஒத்துப் போறவங்க எல்லாம் சரியானவங்கன்னு இல்ல பாருங்க. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லன்னா, வித்தியாசம் இல்லன்னு மட்டும்தான் தெரியும். எங்க நிக்கறாங்கன்னு அது சொல்லாது.

இதெல்லாம் ஊருக்கு உபதேசம். எங்க வீட்டுல தெர்மாமீட்டர் கிடையாது தெரியுமா?

சிரிங்க, சிரிங்க. இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சும்மா இருக்க மாட்டாம அதை இங்க கொண்டுவந்து இதே தொட்டியில போட்டேன். மூணு புள்ளி ஜாஸ்தி காட்டிச்சு. ஒரு டிகிரியைப் பத்தாப் பிரிச்சா அதுல மூணு பங்கு. எனக்கு அதை வீட்டுல வச்சுக்கவே பிடிக்கல. குப்பையில போட்டுட்டேன். தம்பி பாத்துட்டு, ஏன்கா, இனிமே நம்ம வீட்டுக்குக் காய்ச்சல் வரணும்னா உன்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டுத்தான் வரணுமான்னான். நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்டா துரைன்னேன். துரைன்னுதான் நான் கூப்பிடறது. ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணி வரைக்கும் தூங்கிட்டு, டீ எங்கன்னு கட்டில்லேர்ந்தே கேக்கறவனை வேற என்னன்னு கூப்பிடறது? வாங்கிக்கலாம் வாங்கிக்கலாம்னு ரெண்டு மாசம் போயிடுச்சு. இங்கேர்ந்து ஒண்ணு எடுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஆபீஸ் பொருளை எடுத்துட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல. அதுக்கும் ஒரு பெருமை.

அம்மா போனப்புறம் அந்த வீட்டுல நானும் அவனும்தான். பதினோரு வயசு வித்தியாசம். எனக்கும் கல்யாணம் ஆகல, அவனும் பண்ணிக்கல. பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில பெயின்ட் அடிக்கறான். நல்ல வேலைக்காரன், ஆனா உடம்பு வளையாது. ஸ்கூல் படிக்கறப்போ வெந்நீர்ப் பையை நெத்தியில வச்சு வச்சு சூடாக்கிட்டு, அம்மா எனக்குக் காய்ச்சல்னு வந்து நிப்பான். நான்தான் பிடிச்சுக் கொடுப்பேன். அப்போலேர்ந்து எனக்கு அவன் காய்ச்சல்னா நம்பிக்கையே கிடையாது.

அவன் காய்ச்சல்னு வந்து நின்ன அன்னைக்குக் காலையில ஏழு மணி இருக்கும். நான் சமையல் ரூம்ல பால் பொங்கிடுமேன்னு பாத்துக்கிட்டு நிக்கறேன். எனக்கும் முதல் நாளுலேர்ந்து உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி வலி. தொட்டியை இடம் மாத்தினோம், தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுன்னு நெனைச்சேன். இவன் வந்து நிலைப்படியில சாஞ்சு நிக்கறான். அக்கா, உடம்பு காயுதுக்கா, தொட்டுப் பாருன்றான். தொட்டுப் பாத்தேன் சிஸ்டர். தொடலன்னு சொல்ல மாட்டேன். நெத்தியில வச்சேன், கழுத்துல வச்சேன், சட்டைக்குள்ள கை விட்டு முதுகுலகூட வச்சேன். சுடல. சத்தியமா சுடல. என் கன்னத்தை நானே தொட்டுப் பாத்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

அடேய் துரை, வேலைக்குப் போக உடம்பு வணங்கலன்னா சொல்லு, காய்ச்சலை ஏன்டா இழுக்கறேன்னேன். வெந்நீர்ப் பை எங்கன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு, நீ சொன்னா சரிதான், உன் கை என்ன சாதாரணக் கையான்னு சொல்லிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்கு முழுக்க தகரக் கூரைக்குக் கீழ நின்னு பெயின்ட் அடிச்சிருக்கான். மறுநாளும் அர்ஜென்ட் வண்டின்னு போனான். ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறவனா அவன்? நான் சொன்னது சுட்டிருக்கணும்.

அந்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நடந்ததைக் கேளுங்க. அவன் வந்து, நீ ஒரு மாதிரி இருக்கியேக்கான்னு என் நெத்தியில கை வச்சான். எங்கயும் சுடலையேன்னான். நானும் திரும்ப அவனைத் தொட்டுப் பாத்தேன். உனக்கும்தான் சுடலன்னேன். ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். ஆளுக்கொரு தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தோம்.

புரியுதா உங்களுக்கு? புரிஞ்சிடுச்சு, முகத்தைப் பாத்தாலே தெரியுது. உங்களுக்கு அரை நிமிஷத்துல புரியுது. எனக்கு நாலு நாள் ஆச்சு. ரெண்டு பேருக்கும் காய்ச்சல். ஒரே அளவு காய்ச்சல். என் கைக்கும் அவன் நெத்திக்கும் நடுவுல கொடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, வாங்கறதுக்கும் ஒண்ணுமில்ல. எப்படிச் சுடும்? கையில என்ன நம்பரா எழுதியிருக்கு? கைக்கு வித்தியாசம் மட்டும்தான் தெரியும். இதைப் பத்தொம்பது வருஷமா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறவ நான். கையை நம்பாதீங்க, கையை நம்பாதீங்கன்னு. நீங்களே கேட்டிருப்பீங்க. என் வீட்டுல என் தம்பிக்கு மட்டும் கையை வச்சுப் பாத்து, ஒண்ணுமில்ல போன்னு அனுப்பிட்டேன்.

திங்கக்கிழமை சாயந்திரம் எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. உடம்பு காத்து மாதிரி லேசாயிடுச்சு. என்னை விட்டுடுச்சு அது. செவ்வாய்க்கிழமை காலையில அவனை எழுப்பப் போய்த் தொட்டேன், கையை இழுத்துக்கிட்டேன். அப்படிக் கொதிக்குது. அப்பகூட எனக்கு உறைக்கல. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்குன்னு நெனைச்சேன். கஞ்சி வச்சுக் கொடுத்தேன், ஈரத்துணி போட்டேன். ஒரு நாள் பாப்போம்னு இருந்தேன்.

புதன்கிழமை ஆட்டோவுல உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றோம். என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வரான். அப்ப சொல்றான், எனக்கு அன்னைக்கு உன்கிட்ட சொன்னேன் பாரு, அப்போலேர்ந்தே இப்படித்தான்கா இருக்குன்னு. அப்பத்தான் சிஸ்டர் என் மண்டையில இடி இறங்கிச்சு. ஆட்டோவுலயே அவன்கிட்ட சொல்லிட்டேன். டேய், எனக்கும் காய்ச்சல் இருந்திருக்குடா, அதான் தெரியல, ரெண்டும் ஒரே சூடுடான்னு. அழுதுட்டேன். அவன் என்னைத் தட்டிக் கொடுக்கறான். விடுக்கா, உன் கை பொய் சொல்லல, ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லன்னுதானே சொல்லிச்சு, அது சரிதானேன்றான். அந்த நிலைமையிலயும் நக்கல். எனக்கு அப்படியே அவனை அறையலாம் போல இருந்துச்சு, கட்டிக்கலாம் போலயும் இருந்துச்சு.

உள்ள போனோம். உங்க டாக்டரம்மா நிமிந்து பாத்தாங்க. பாத்ததும் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. அட, நம்ம தெர்மாமீட்டர் அம்மால்ல நீங்கன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன சின்ன டாக்டருங்க ரெண்டு பேர்கிட்டயும், இவங்க கையெழுத்து இல்லாம நம்ம வார்டுல ஒரு தெர்மாமீட்டர் கிடையாது, அவ்ளோ கறார்னு என்னைப் பத்திப் பெருமையா சொல்றாங்க. சொல்லிட்டு அவன் பக்கம் திரும்பி, எப்போலேர்ந்து தம்பி காய்ச்சல்னு கேட்டாங்க.

முப்பத்தொம்பது. நின்னுடுச்சு பாருங்க. இருக்கட்டும், இப்ப எழுத வேணாம். முதல்ல இதைச் சொல்லி முடிச்சுடறேன்.

அவன் என்னைப் பாத்தான் சிஸ்டர். நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம மேசை மேல இருந்த பேப்பர் வெயிட்டைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். ஒரு நொடிதான். நேத்திலேர்ந்து டாக்டர்னான். செவ்வாய்க்கிழமைலேர்ந்துன்னான். அவங்க எழுதிக்கிட்டாங்க. பேனா போற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இப்ப சொல்லிடலாம், இப்ப சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள நர்ஸ் வந்து அவனைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. நேத்து அவன் பேச்சு நின்னப்புறம் டாக்டரம்மா என்கிட்டயே வந்து கேட்டாங்க. அம்மா, நீங்க கணக்கா இருக்கறவங்க, நீங்க சொல்லுங்க, நிச்சயமா செவ்வாய்தானான்னு. அவன் சொன்னதுதான் டாக்டர்னேன். அதுவும் என் வாயாலதான் சொன்னேன்.

அவன் ஏன் மாத்திச் சொன்னான்னு உங்களுக்குத் தோணும். அக்கா மானம் போயிடக் கூடாதுன்னு சொன்னான். நான் ஏன் வாயைத் தொறக்கலன்னு கேக்கறீங்களா? அதே மானத்துக்குத்தான். வேற ஒரு காரணமும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் கிடைக்கல.

எந்திரிச்சிட்டீங்க. ஆமா, போங்க. பெட்டியை விடுங்க, அது இங்க கிடக்கட்டும். இந்த ரூம்ல போன்ல சிக்னல் கிடைக்காது, படிக்கட்டுக்குப் போய்ப் பண்ணுங்க. சலைனை நிறுத்தச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு, நாளை மட்டும் மாத்திச் சொல்லுங்க. என்னாலயா? காலையிலேர்ந்து அதே படிக்கட்டுல நின்னு வார்டு நம்பரை நாலு தடவை போட்டு நாலு தடவை கட் பண்ணிட்டேன். என்னால முடியல சிஸ்டர், என்னை என்ன வேணா சொல்லுங்க.

செவ்வாய் இல்லன்னு சொல்லுங்க. சனிக்கிழமை. இன்னைக்கு ஏழாவது நாள். காலையில ஏழு மணிக்கு அக்காகிட்ட வந்து சொன்னான், அக்கா தொட்டுப் பாத்துட்டு நம்பலன்னு, அதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க.